விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது: அலுவலகக் கணினிகளுக்குக் காசு கட்டி நீட்டிப்பதா, மாற்றுவதா?

கணக்குமேசை:
விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். 40 கணினி, எல்லாமே டொமைனில் (சர்வர் வழியாக ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அலுவலக வலையமைப்பில்) சேர்ந்தவை. 25-ல் எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்கு மேல். 14-ல் ஆறாம், ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாதவை. மீதி ஒன்று அளவீட்டுக் கருவியோடு இணைந்தது, அதன் மென்பொருள் விண்டோஸ் 11-ல் ஓடாது. காசு கட்டினால் மூன்று வருடம் வரை அப்டேட் தரும் இஎஸ்யு-வை நாற்பதுக்கும் வாங்கிவிடலாம் என்கிறேன். வேலை ஒரு நாள்கூட நிற்காது. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பூட்டுசாவி:
மறுக்கிறேன். நிறுவனங்களுக்கு இஎஸ்யு பட்டியல் விலை கணினிக்கு முதல் வருடம் 61 டாலர், அடுத்து 122, மூன்றாம் வருடம் 244. மொத்தம் 427. நாற்பதுக்கு 17,080 டாலர். இவ்வளவும் கட்டி 2028 அக்டோபரில் மிஞ்சுவது மூன்று வயது கூடிய அதே கணினிகள். அந்த 25-க்கு ஏன் கட்ட வேண்டும்? அவற்றில் விண்டோஸ் 11 இலவசமாகவே ஏறும்.

கணக்குமேசை:
எட்டாம் தலைமுறை இருந்தும் 'தகுதி இல்லை' என்று சோதனைக் கருவி காட்டுவது சர்வசாதாரணம். ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்ட ஆள் வேண்டாமா?

பூட்டுசாவி:
பெரும்பாலும் கோளாறு சிப்பில் இல்லை, பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில்தான். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் அணைந்திருக்கும்; இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி-யில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் போட்டிருக்கும். அல்லது விண்டோஸை லெகசி என்ற பழைய பூட் முறையில் நிறுவியிருப்பார்கள்; டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கும், நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் செக்யூர் பூட்டைப் போட முடியாது.

வரிசை மாறாமல் செய்யுங்கள். பேக்கப் எடுங்கள். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதி வைத்துவிட்டு சஸ்பெண்ட் செய்யுங்கள். பிறகு அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் டிஸ்கை எம்பிஆரிலிருந்து புதிய ஜிபிடி வடிவுக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை வேலிடேட் (சோதனை) என்று மட்டும் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்வதால் அலவ்ஃபுல்ஓஎஸ் சுவிட்சும் சேர வேண்டும். தோற்றால் முதலில் பார்ட்டிஷன்களை எண்ணுங்கள். பிரைமரி மூன்றுக்கு மேல் இருந்தால் மாற்றாது. கணினியோடு வந்த ரெகவரி பார்ட்டிஷன்தான் பல நேரம் அந்த நான்காவது. வேலிடேட் தேறியதும் கன்வெர்ட். அதற்குப் பிறகே பயாஸுக்குள் போய் லெகசியிலிருந்து யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாற்றி, பிடிடி-யையும் செக்யூர் பூட்டையும் போட வேண்டும். பயாஸை முதலில் மாற்றிவிட்டு, 'பூட் டிவைஸ் இல்லை' என்ற கறுப்புத் திரையைப் பார்த்துப் பதறுபவர்கள் அதிகம். டிஸ்க் கெடவில்லை, பயாஸைப் பழையபடி வைத்தால் எழுந்துவிடும்.

சிக்கனம்:
அந்த 14-க்கும் காசு எதற்கு? வீட்டுப் பயனர் இஎஸ்யு 30 டாலர்தான். இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில்) தகுதிச் சோதனையைத் தாண்டி 11 போடலாம். அதுவும் வேண்டாமென்றால் அப்படியே விடலாம், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு அப்டேட் 2028 அக்டோபர் வரை வருகிறதே.

வலைச்சுவர்:
மூன்றும் வேண்டாம் சார். டொமைனில் சேர்ந்த கணினியை வீட்டுப் பயனர் திட்டம் ஏற்காது. சோதனையைத் தாண்டிப் போட்ட 11-க்கு, ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராது. 14 கணினியிலும் கையால் ஏற்ற வேண்டும், அப்டேட் தொடரும் என்ற உத்தரவாதமும் இல்லை. டிஃபெண்டர் கெட்ட கோப்பை அடையாளம் கண்டு பிடிக்கும், விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலில் உள்ள ஓட்டையை அடைக்காது. கதவு உடைந்திருக்கும்போது காவலாளி மட்டும் போதுமா?

கணக்குமேசை:
முதல் வருடத்தை விட்டுவிட்டு, அவசியமானால் இரண்டாம் வருடம் வாங்கினால்?

வலைச்சுவர்:
விட்ட வருடத்துக்கும் சேர்த்தே வாங்குவார்கள். 61-ம் 122-ம் சேர்த்து 183 டாலர். பாதுகாப்பில்லாமல் ஒரு வருடம் ஓட்டியதுதான் மிச்சம்.

பென்குயின்தோழன்:
14-ல் பிரவுசரும் மின்னஞ்சலும் மட்டுமே ஓடும் கணினிகள் எத்தனை என்று முதலில் எண்ணுங்கள். அவற்றுக்கு உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீண்ட ஆதரவுள்ள இலவச லினக்ஸ் ஓஎஸ்) போதும், 2029 வரை இலவச அப்டேட் உண்டு. எட்டு ஜிபி ராமும் எஸ்எஸ்டி-யும் இருந்தால் ஆறாம் தலைமுறை சிப்பே தாராளம்.

கணக்குமேசை:
எக்செல் மேக்ரோவை யார் ஓட்டுவது? டிஜிட்டல் கையொப்ப டோக்கன்?

பென்குயின்தோழன்:
மேக்ரோ கனமாக உள்ள மேசையைத் தொட வேண்டாம் என்றே நானும் சொல்வேன். உபுண்டுவில் எக்செலுக்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபீஸ், மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ-வை அரைகுறையாகத்தான் புரிந்துகொள்ளும். மற்றவற்றில் நிறுவும் முன் லைவ் யுஎஸ்பி-யில் (நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் யுஎஸ்பி) பூட் செய்து நான்கை மட்டும் சோதியுங்கள்: பிரிண்டர், ஸ்கேனர், சர்வர் ஷேர், டோக்கன். பிரிண்டர் அநேகமாகத் தேறும். ஸ்கேனரும் டோக்கனும்தான் கழுத்தை அறுக்கும்.

பூட்டுசாவி:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு வகை ஓஎஸ் வைத்தால் பாஸ்வேர்ட் கொள்கை, அப்டேட், பேக்கப் எல்லாவற்றையும் இரண்டு முறை பராமரிக்க வேண்டும். ஐந்தாறு கணினிக்காக அந்தச் சுமை தகாது. 14-க்கும் ஒரே ஒரு வருடம் இஎஸ்யு, 854 டாலர். அதற்குள் மாற்றி முடியுங்கள்.

பென்குயின்தோழன்:
இன்னும் ஐந்து வருடம் உழைக்கும் இயந்திரத்தைக் குப்பைக்கு அனுப்புவதும் செலவுதான். அந்தக் கணக்கை ஏன் போடவில்லை?

கணக்குமேசை:
கருவிக் கணினிக்காவது மூன்று வருட இஎஸ்யு சரிதானே?

வலைச்சுவர்:
வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது, ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்களே மாட்டினார்கள். அப்டேட் போட்டால் அளவீடு பிசகும் என்று கருவி விற்றவர் தடுத்தால் உங்கள் நிலையும் அதுதான். அந்தக் கணினிக்குத் தனி விலான் (மற்றவற்றிலிருந்து பிரித்த வலையமைப்புப் பகுதி) போடுங்கள். இணையம் கிடையாது. கோப்பு சர்வரின் 445 போர்ட்டுக்கு (கோப்புப் பகிர்வு வழி) இந்தக் கணினியிலிருந்து போக மட்டும் அனுமதி, உள்ளே எதுவும் வரக்கூடாது. யுஎஸ்பி ஸ்டோரேஜை அணைத்துவிடுங்கள். முழு டிஸ்கையும் இன்னொரு எஸ்எஸ்டி-யில் இமேஜ் எடுத்து, அதை மாட்டி ஒருமுறை பூட் செய்தும் பாருங்கள். பூட் ஆகாத இமேஜ் இருந்தும் பயனில்லை.

பூட்டுசாவி:
இஎஸ்யு வாங்கும் முன் ஒன்று. கணினி விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-ல் இல்லையென்றால் எதுவும் வராது. கீயைப் போட்டால் மட்டும் போதாது. அந்த வருடத்துக்குரிய ஆக்டிவேஷன் ஐடி-யோடு எஸ்எல்எம்ஜிஆர் ஏடிஓ (விண்டோஸ் உரிமத்தைச் செயல்படுத்தும்) கட்டளையும் ஓட வேண்டும். பிறகு அதே எஸ்எல்எம்ஜிஆரை டிஎல்வி சுவிட்சோடு ஓட்டி, இஎஸ்யு வரிக்கு எதிரே 'லைசென்ஸ்டு' என்று இருக்கிறதா என இஎஸ்யு வாங்கிய ஒவ்வொரு கணினியிலும் பார்த்துவிடுங்கள்.