ஆஃப்டர்பர்னர் போட்ட ஜெட், ரொக்கெட்டா இல்லையா?

துறைமுகப்புறா:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சண்டைக்குத் தீர்ப்பு வேண்டும். 2021 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டுக்காகக் கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த சாகசக் காட்சிக்கு நானும் மச்சானும் போயிருந்தோம். இந்தியாவிலிருந்து சூரியகிரண் சாகச அணியும் தேஜஸ் போர்விமானமும் வந்திருந்தன. சூரியகிரணின் ஹோக் விமானங்கள் கூட்டமாகப் பறந்தபோதுகூடப் பக்கத்தில் நிற்பவரோடு கதைக்க முடிந்தது. தேஜஸ் ஒற்றையாக வந்து மேலே திரும்பியதும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஆஃப்டர்பர்னர் என்பது ஜெட்டின் வாலில் பொருத்திய ஒரு சின்ன ரொக்கெட் என்கிறான் மச்சான். சுவாலைக்குள் வைரம் வைரமாகத் தெரியுமே, அது இரண்டிலும் இருக்கிறது என்பதுதான் அவன் காட்டும் ஆதாரம். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன் நான். தயவுசெய்து சமன்பாடு வேண்டாம்.

தெஹிவளைக்காரன்:
மச்சான் தோற்றார். ரொக்கெட் தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே சுமந்து போகும். ஜெட் வெளிக்காற்றை இழுக்கும். ஆஃப்டர்பர்னரும் அந்தக் காற்றில்தான் எரிகிறது. கேஸ் முடிந்தது.

பழைய ஸ்பானர்:
தெஹிவளைத் தம்பி சொன்னது சரி. ஆனால் தீர்ப்பை இவ்வளவு கெதியாக எழுதினால் மச்சான் அப்பீல் போவார். அவர் கண்ணில் பட்டது பொய்யில்லை, முடிவுதான் பிழை.

ஜெட் எஞ்சினுக்குள் போகும் காற்றின் ஒட்சிசன் முழுவதையும் எரிகலத்தில் எரிப்பதில்லை. எரித்தால் அந்தச் சூட்டில் டர்பைன் அலகுகள் மிஞ்சாது. அதனால் கால்வாசியளவு மட்டும் அங்கே செலவாக, மீதி டர்பைனைத் தாண்டி சும்மா வெளியே போகிறது. ஆஃப்டர்பர்னர் கைவைப்பது அந்த மீதியில். டர்பைனுக்குப் பின்னால் ஒரு நீளக் குழாய், அதற்குள் எரிபொருள் தெளிக்கும் வளையங்கள், அந்தக் காற்று வேகத்தில் சுவாலை அடித்துக்கொண்டு போகாமல் பிடித்து வைக்கத் தடுப்புகள். சுழலும் பாகம் எதுவும் அங்கே இல்லை, ஆகவே இன்னும் சூடாக எரிக்கலாம். ஒரேயொரு கவனம்: கடைசியில் இருக்கும் நொசில், அதாவது வாயு வெளியேறும் வாய், அதே நேரத்தில் விரிந்து கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அமுக்கம் பின்னோக்கி ஏறி, முன்னால் காற்றை அமுக்கும் கொம்பிரசரைத் திணறடித்துவிடும். ஹோக்கில் இந்த ஏற்பாடே கிடையாது, அதுதான் நீங்கள் கதைத்துக்கொண்டு நின்றீர்கள்.

வைரம் எப்படி வருகிறது என்றால், வெளிவரும் வாயு ஒலியைவிட வேகமாக வருகிறது. அதன் அமுக்கம் சுற்றியிருக்கும் காற்றின் அமுக்கத்தோடு பொருந்தாதபோது சுருங்கும், விரியும், மறுபடி சுருங்கும். சுருங்கும் இடத்தில் சூடேறி ஒளிர்கிறது. ஒட்சிசன் வானத்திலிருந்து வந்ததா டாங்கியிலிருந்து வந்ததா என்பது அந்த வாயுவுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே இது மச்சானுக்குச் சாட்சி சொல்லாது.

உண்மையான வித்தியாசம் செலவில்தான் தெரியும். நான் பஞ்சிகாவத்தையில் டீசல் பம்ப் திருத்துகிறவன், எனக்கு எல்லாமே கணக்குத்தான். நம் விமானப்படை போரில் பாவித்த இஸ்ரேலியக் கிபிர் விமானத்தில் இருக்கும் ஜே79 எஞ்சினை எடுங்கள். 1950களில் ஜெனரல் எலெக்ட்ரிக் செய்தது, ஃபாண்டம், எஃப்-104 என்ற அமெரிக்கப் போர்விமானங்களில் ஓடியதும் இதுதான். ஆஃப்டர்பர்னர் இல்லாமல் சுமார் 53 கிலோநியூட்டன் தள்ளும், போட்டால் 80. ஒன்றரை மடங்கு. எரிபொருளோ மூன்றரை மடங்கு, அதாவது தரைமட்டத்தில் நிமிடத்துக்கு 250 கிலோவுக்கு மேல். கிபிரின் உள் டாங்கிகள் எல்லாம் சேர்ந்து 3,200 லீற்றர் சொச்சம். வாலில் நெருப்போடு அது பத்து நிமிடத்துக்குத்தான் காணும்.

இப்போது இந்தியாவின் விகாஸ் ரொக்கெட் எஞ்சின். செய்மதிகளை ஏற்றும் பிஎஸ்எல்வி ரொக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது. உந்துவிசை சுமார் 800 கிலோநியூட்டன், ஜே79ஐப் போல் பத்து மடங்கு. ஜே79 ஒரு நிமிடத்தில் குடிப்பதை இது ஒரு செக்கனில் குடிக்கிறது. உந்துவிசை பத்து மடங்கு, செலவு அறுபது மடங்கு. அந்தக் கட்டத்தில் 40 தொன்னுக்கு மேல் ஏற்றுகிறார்கள், இரண்டரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஏற்றுவதில் பெரும்பங்கு எரிபொருள்கூட இல்லை, அதை எரிக்க வேண்டிய ஒட்சியேற்றி. காற்றை இலவசமாக எடுக்க முடியாதவனின் பில் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வன்னியில் வளர்ந்தவன். ஜே79 எனக்கு முதலில் பங்கருக்குள் இருந்து கேட்ட சத்தம். பெயரும் இலக்கமும் கொழும்புக்கு வந்து வேலை பழகிய காலத்தில்தான் தெரியவந்தன. இங்கே சிலர் “என்ன ஒரு சத்தம்!” என்று ரசித்து எழுதுவதைப் பார்க்கிறேன், எழுதட்டும், எனக்கு அப்படி எழுத வராது. எஞ்சினாகப் பார்த்தால் நல்ல எஞ்சின்.

வெள்ளவத்தை நிலா:
ஸ்பானர் அண்ணை, உங்கள் கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் வீட்டில் அம்மா இன்றைக்கும் பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்கு முன்னைய ஒத்திகை நாட்களில் கடற்கரைப் பக்க ஜன்னல்களைச் சாத்திவிடுவா. அவவிடம் கேட்க முடியாத ஒரு கேள்வி: சகடை என்ற புரொப்பெல்லர் விமானம் வந்தால் தூரத்திலேயே கேட்குமாம், கிபிர் மட்டும் தலைக்கு மேலே போன பிறகுதான் கேட்குமாம். அது ஒலியைவிட வேகமாகப் பறந்ததாலா?

பழைய ஸ்பானர்:
இல்லைத் தங்கச்சி, குண்டுச் சுமையோடு தாழப் பறக்கும்போது பொதுவாக ஒலியின் வேகத்துக்குக் கீழேதான். ஆனால் அதற்குக் கிட்ட. சத்தம் விமானத்தைவிடக் கொஞ்சம்தான் முன்னுக்கு ஓடும், ஆகவே நமக்குக் கிடைக்கும் அவகாசம் சில செக்கன். சகடை போன்ற புரொப்பெல்லர் விமானம் ஒலியின் வேகத்தில் பாதிக்கும் குறைவு, அதன் சத்தம் நெடுநேரம் முன்பே வந்து சேரும். இரண்டாவது காரணம், ஜெட்டின் இரைச்சலில் பெரும்பகுதி எஞ்சினுக்குள் பிறப்பதில்லை. வெளியே, அந்த வாயு காற்றோடு மோதிக் கலக்கும் இடத்தில் பிறந்து, பின்பக்கச் சரிவாகப் பரவுகிறது. முன்னால் நிற்பவருக்குக் குறைவு, கடந்து போனதும் முழுவதும் வந்து விழும். அம்மா சொன்னது அப்படியே சரி. ஜன்னலைச் சாத்தட்டும், விடுங்கள்.

தெஹிவளைக்காரன்:
சரி, ஒரு விமானத்தில் ஜெட்டும் ரொக்கெட்டும் இரண்டையும் வைத்தால் என்ன? ஜேர்மனியின் மீ-163 ரொக்கெட் மட்டும்தான் என்று தெரியும். இரண்டும் சேர்ந்தது?

பழைய ஸ்பானர்:
ஆஹா, இதைத்தான் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். இருந்தது தம்பி, அதுவும் கிபிரின் பரம்பரையிலேயே.

கிபிரின் உடல் பிரான்ஸின் மிராஜ் 5. அதற்கு முன்னோடி மிராஜ் III. 1967இல் பிரான்ஸ் விமானம் தரமாட்டேன் என்று நிறுத்தியதும் இஸ்ரேல் அந்த வடிவத்தைத் தானே கட்டத் தொடங்கி, பிறகு பிரெஞ்சு எஞ்சினுக்குப் பதிலாக அமெரிக்க ஜே79ஐ உள்ளே திணித்தது. ஜே79க்குக் குளிரூட்டும் காற்று கூடுதலாக வேண்டும். கிபிரின் வால் செட்டை தொடங்கும் இடத்தில் ஒரு காற்றுவாய் துருத்திக்கொண்டிருக்கும், படத்தில் பாருங்கள், அது அதற்காக வந்ததுதான்.

மிராஜ் IIIஇன் பின் வயிற்றில் எஸ்ஈபிஆர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ரொக்கெட் ஒன்றைப் பூட்டலாம். சுமார் 15 கிலோநியூட்டன், ஏறக்குறைய 80 செக்கன் ஓடும். பிந்திய ரகம் விமானத்தின் எரிபொருளையே எடுத்து, நைத்திரிக் அமிலத்தை ஒட்சியேற்றியாகப் பாவித்தது. காற்று மெலிந்த உயரத்தில் ஜெட் மூச்சு வாங்கும்போது இது தள்ளும். சுவிஸ் விமானப்படையும் வைத்திருந்தது. ஆனால் அமிலம் நிரப்பும் ஆட்கள் பாதுகாப்பு உடுப்போடுதான் கிட்டப் போக வேண்டும். ஒவ்வொரு பறப்புக்கும் அந்தத் தொல்லை யாருக்கு வேண்டும்? ரொக்கெட் இடத்தில் எரிபொருள் டாங்கியைப் பூட்டினால் இன்னும் தூரம் போகலாம். பெரும்பாலும் அதையே செய்தார்கள். மிராஜ் 5க்கும் கிபிருக்கும் ரொக்கெட் வரவேயில்லை, என் கணக்கில் அது நல்ல முடிவு.

கதை அங்கே முடியவில்லை. எஸ்ஈபிஆர் பிறகு எஸ்ஈபி என்ற நிறுவனத்துக்குள் போய்விட்டது. ஐரோப்பாவின் ஏரியான் ரொக்கெட்டுக்கான வைக்கிங் எஞ்சினை உருவாக்கியது அந்த எஸ்ஈபிதான். 1974இல் இந்தியா அதனோடு ஒப்பந்தம் செய்து தன் பொறியியலாளர்களை பிரான்ஸுக்கு அனுப்பியது. இஸ்ரோ விஞ்ஞானி, நாகர்கோவில்காரர் நம்பி நாராயணனும் அதில் முன்னால் நின்றவர். அங்கே கற்று வந்ததில் பிறந்ததுதான் நான் மேலே கணக்குப் பார்த்த விகாஸ். இப்போது அதை மகேந்திரகிரியில் ஓட்டிப் பரிசோதிக்கிறார்கள்.

வெள்ளவத்தை நிலா:
மகேந்திரகிரி திருநெல்வேலிப் பக்கம்தானே? இத்தனை நாள் அது ஏதோ வடக்கே என்று நினைத்திருந்தார் எங்கள் அப்பா. இப்பவே போய்ச் சொல்கிறேன்.

துறைமுகப்புறா:
எல்லாவற்றையும் மச்சானுக்கு அனுப்பினேன். முழுவதும் வாசிக்காமலே “அப்போ ரொக்கெட் பூட்டிய ஜெட் இருந்ததுதானே” என்று அதில் தொங்குகிறான். ஒரு மார்க்ஸாவது கொடுக்கலாமா?

பழைய ஸ்பானர்:
அதற்குக் கிடையாது. அது வேறு எஞ்சின், வேறு டாங்கி. ஆஃப்டர்பர்னரை “வாலில் பூட்டிய ராம்ஜெட்” என்று சொல்லியிருந்தால் பாதி மார்க்ஸ் கொடுத்திருப்பேன். சுழலும் பாகமில்லாத குழாய், பாய்ந்து வரும் காற்று, எரிபொருள் தெளிப்பு, ஆக அந்த ஒப்பீடு நிற்கும். அவரை ஒருநாள் ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1971இல் சோவியத்திலிருந்து வந்த மிக்-17 அங்கே நிற்கிறது. மிக்-17எஃப் ரகத்தின் விகே-1எஃப் எஞ்சின் ரோல்ஸ் ரோய்ஸ் நீன் வழி வந்தது, ஆஃப்டர்பர்னரோடு தொடர் உற்பத்திக்குப் போன முதல் சோவியத் எஞ்சின். வால் பக்கம் நிறுத்தி, ஒட்சியேற்றி டாங்கி எங்கே என்று கேளுங்கள்.