மீன் குளிரறை ஒன்று அரை மணித்தியாலம் கிடைக்குமா?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. ஏழு கண்டங்களில் 168 மணித்தியாலத்துக்குள் ஏழு மரதன் ஓடும் போட்டிக்கு ஒருவரைத் தயார்ப்படுத்துகிறோம். முதல் ஓட்டம் அந்தாட்டிக்காவில். உடுப்பைச் சோதிக்க வாழைச்சேனை, கல்முனைப் பக்கம் குளிரறை தேவை. -18 பாகை போதும். வியர்வை உள்ளுடுப்பில் ஊறினால், வேகம் குறைந்ததும் உடம்பு சட்டெனக் குளிர்ந்துவிடும். பருத்தி சரிவராது. எந்த அடுக்கில் ஈரம் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஆளைத் தனியே உள்ளே விடமாட்டோம்.

மற்றது, சனியும் ஞாயிறும் விடிய 4 மணிக்குக் கல்லடிப் பாலத்திலிருந்து (மட்டக்களப்பு) 30 கிலோமீற்றர் ஓட்டம். சைக்கிளில் கூட வர இரண்டு பேர் வேண்டும். ஒரு லீற்றர் தண்ணிக்கு ஒரு ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த நீரிழப்புத் தூள்) பக்கற், மணிக்கு 60 கிராம் மாச்சத்து. ஓட முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும்: ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் இழப்பு. நிறை கூடினால்தான் பயம். வெறும் தண்ணி மிஞ்சி இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். நோவென்று கேட்டாலும் இபுபுரூபன் கொடுக்காதீர்கள், வியர்த்துக் காய்ந்த உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்கும்.

விமானத்தில் கால் வீங்குவதால் அரை அளவு பெரிய ஓட்டச் சப்பாத்தும் தேவை. அம்பாறையில் கடை தெரிந்தால் கீழே எழுதுங்கள்.