கொரோனா வார்டுப் பணி முடிந்தும் விடாத மிகையுணவுப் பழக்கம்: இது நோயா, என் பலவீனமா?

கேட்டவர்: ஒரு செவிலியர்

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு மருத்துவமனையொன்றில் பணிபுரிகிறேன். 2020 ஜூன் முதல் 2021 ஆகஸ்ட் வரை கொரோனா வார்டில் இருந்தேன். கவச உடையை அணிந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குக் கழற்ற முடியாது என்பதால், இடையில் கழிப்பறைக்குப் போக நேருமோ என்று அஞ்சி, பணிக்குக் கிளம்பும் முன்பே தண்ணீரையும் உணவையும் குறைத்துக்கொள்வேன். பணி முடிந்து, எங்களைத் தங்கவைத்திருந்த விடுதி அறைக்குத் திரும்பியதும், நன்கொடையாக வந்த பிஸ்கட், ரஸ்க், மிக்சர் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ருசி கூடத் தெரியாமல், வயிறு வலிக்கும்வரை தின்பேன். இரண்டாம் அலையின்போது, ஒரே இரவில் மூன்று நோயாளிகளை இழந்த நாளில்தான் இது கைமீறிப் போனதாக நினைக்கிறேன்.

அந்த வார்டை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் வாரத்தில் இரண்டு இரவுகளாவது, கணவரும் பிள்ளைகளும் உறங்கிய பின், சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டு, மீந்த சோற்றிலிருந்து சர்க்கரை டப்பா வரை எது கிடைத்தாலும் உண்கிறேன். வாந்தி எடுப்பதில்லை, ஆனால் மறுநாள் மாலை வரை ஒன்றும் சாப்பிடாமல் இருந்து ஈடுகட்டப் பார்க்கிறேன். நீரிழிவு நோயாளிகளுக்கு உணவுமுறை சொல்லித்தரும் எனக்கே இந்த நிலை என்பதை எவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. இதற்குச் சிகிச்சை உண்டா? மருத்துவரிடம் போனால் பணியிடத்துக்குத் தெரிந்துவிடுமா?

பதில் 1: மனநல மருத்துவர்

சகோதரி, இது மன உறுதிக் குறைவு அன்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டில், கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறு தனி நோயாகவே இடம்பெற்றுவிட்டது. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறி உண்பதும், நிறுத்த இயலவில்லை என்ற உணர்வும், வாரம் ஒருமுறையேனும் 3 மாதங்கள் தொடர்வதும் அதன் முக்கிய அடையாளங்கள். பட்டினியால் ஈடுகட்டுவது வழக்கமாகிவிட்டால் அது புலிமியா (மிகையாக உண்டு, பின் அதை ஈடுகட்ட முயலும் கோளாறு) என்ற வேறொரு நோயாகவும் இருக்கலாம் என்பதால், பெயரை நேரில் பரிசோதிப்பவர் முடிவு செய்யட்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்தப் பட்டினியைப் பற்றித்தான். 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்களை ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரை வயிற்று உணவில் வைத்திருந்தார். கட்டுப்பாடு நீங்கியதும், அவர்களுள் சிலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் உண்டார்கள். நீங்களோ கவச உடைக்குள் மாதக்கணக்கில் பகல் பட்டினி கிடந்திருக்கிறீர்கள். அதே பட்டினியை இப்போது தண்டனையாகத் தொடர்கிறீர்கள். உறக்கக் குறைவும் இதில் சேர்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கையில் இருந்தபோது, வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 விழுக்காடு குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 விழுக்காடு கூடியது.

சிகிச்சை நிச்சயம் உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பேச்சுவழியே உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதில் நல்ல பலன் தருகிறது. அதன் முதற்படியே மூன்று வேளை உணவும் இடையில் சிற்றுணவும், நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் உண்பதுதான். இழந்த நோயாளிகளைப் பற்றியும் அங்கே மனம்விட்டுப் பேசுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களுக்கு இரகசியக் காப்பு அளிக்கிறது. உங்கள் மருத்துவமனையிலேயே பார்க்கத் தயக்கமாக இருந்தால் வேறிடம் செல்லலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பதில் 2: வாசகர்

பதினாறு மணி நேர விரதம் இருந்து எடையைக் குறைத்தேன். நீங்களும் முயன்று பார்க்கலாமே.

பதில் 3: மனநல மருத்துவர்

நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் இந்நிலையில் இருப்பவருக்கு விரதம் அடுத்த இரவின் மிகையுணவுக்கே வழிவகுக்கும் என்பதால், தயவுசெய்து இதைப் பின்பற்ற வேண்டாம்.

பதில் 4: ஆய்வக நுட்புநர்

அக்கா, பரிசோதனை மாதிரிகளோடு இரவு பகலாக இருந்த காலத்தில் எனக்கும் இதே நிலைதான். நான் கணவரிடம் சொன்ன நாளிலிருந்துதான் சிகிச்சை தொடங்கியதாகக் கருதுகிறேன். அவர் சமையலறைக்குப் பூட்டு எதுவும் போடவில்லை. இரவுப்பணி முடிந்து நான் வரும்போது எழுந்து, கூடவே உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டார். தனியாக நின்று உண்பது குறைந்ததும் வேகமும் குறைந்தது. இன்னும் சில இரவுகள் தவறுகின்றன. மறுநாள் காலையுணவை மட்டும் விடுவதில்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கவச உடையையும் இன்றைய பட்டினியையும் நான் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. இன்றிரவுப் பணிக்கு மூன்று சப்பாத்தியும் இரண்டு வாழைப்பழமும் கட்டிக்கொண்டேன். 14416-இல் பேசிவிட்டேன், வியாழக்கிழமை வேறோர் ஊரில் மருத்துவரைப் பார்க்கிறேன். உடன் வரும்படி கணவரை அழைத்திருக்கிறேன், காரணத்தை வழியில் சொல்வேன்.