சீட்டுக்காசு வந்தது: லீசிங்கை முடிப்பதா, வீட்டுக்கடனில் போடுவதா?

எங்களுக்கு இரண்டு கடன். டிக்கோயாவில் வாங்கிய வீட்டுக்கு வங்கிக்கடன், வீட்டுக்காரர் ஹட்டன் ஸ்டாண்டில் ஓட்டும் ஆட்டோவுக்கு லீசிங். போதாததற்கு என் வளையல் அடகில். 2023 கடைசியில் சீட்டு விழுந்து மூன்று இலட்சம் கைக்கு வந்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "லீசிங்கை முடிச்சிருங்க அண்ணி, அதுலதான் வட்டி கூட" என்றார் கொழுந்தன்.

வட்டி கூட என்பது உண்மைதான். ஐந்து இலட்சத்துக்கு 12 வீதம் என்று சொல்லித்தான் தந்தார்கள். ஆனால் நாம் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், நாலு வருடமும் முழு ஐந்து இலட்சத்துக்கே வட்டி. அப்படி 240,000 ரூபாய் சேர்த்து, மாதத் தவணை 15,417. மீதிக்கு மட்டும் வட்டி போடும் வீட்டுக்கடன் முறையில் பார்த்தால் அது கிட்டத்தட்ட 21 வீதம். வீட்டுக்கடன் வட்டி அப்போது 14 வீதம்.

ஆனால் எங்களுக்கு மிச்சம் இருந்தது 14 தவணைதான். எல்லாம் கூட்டினால் 215,000 சொச்சம். இன்றைக்கே முடித்தால் எவ்வளவு என்று லீசிங் கம்பெனியில் கேட்டோம். கட்டணங்களோடு 205,000. மேசையில் இருந்த பிள்ளை திரையை எங்கள் பக்கம் திருப்பித் தவணை அட்டவணையைக் காட்டியது. மொத்த வட்டி அதே 240,000தான், ஆனால் அதைத் தவணைகளுக்குப் பிரித்த விதத்தில் முதல் வருட வரிகளில் வட்டிப் பக்கம் கொழுத்திருந்தது, கடைசி வரிகளில் பெயருக்குத்தான் வட்டி. அவர்கள் எடுக்க வேண்டியதை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இரண்டு இலட்சத்தைத் தூக்கிக் கொடுத்தால் நமக்கு மிஞ்சுவது பதினோராயிரம்கூட இல்லை.

அதே இரண்டு இலட்சத்தை வீட்டுக்கடனில் போட்டால்? 21 இலட்சம் பாக்கி, 12 வருடம், மாதம் முப்பதாயிரம் சொச்சம். தவணையை மாற்றாமல் அசலில் மட்டும் கழித்தால், கடன் ஒன்பதரை வருடத்தில் முடிகிறது. வீட்டுக்காரர் நம்பவில்லை, வங்கியில் அச்செடுத்துக் காட்டிய பிறகுதான் வாயை மூடினார்.

ஒன்று சொல்ல வேண்டும். கூடுதலாகக் கட்டினால் எல்லாக் கிளையும் தானாக அசலில் கழிப்பதில்லை. சில இடத்தில் அடுத்த மாதத் தவணைகளுக்கு என்று வைத்துக்கொள்வார்கள். "அசலில் கழிக்கவும், தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைக்கவும்" என்று கடிதம் எழுதிக் கொடுத்து, புது அட்டவணையைக் கையில் வாங்கினோம். அதற்கு முன் வட்டியையும் கேட்டுத்தான் குறைக்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி ஒரே அடியாக 7 வீதப் புள்ளிகள் ஏற்றியபோது, தவணை கூடிய கடிதம் தபாலில் சுருக்காக வந்தது. 2023 ஜூனில் இறக்கத் தொடங்கியபோது யாரும் கடிதம் போடவில்லை. நானாகப் போய் எழுதிக் கொடுத்த பிறகுதான் 14க்கு வந்தது.

மீதிக் காசில் வளையலைத் திருப்பினோம். கடனில் போட்ட காசை அவசரத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. வளையல் கையில் இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மறுபடி வைக்கலாம்.

கொழுந்தனுக்கு நான் சொன்னது வேறு. அவர் ஆட்டோ எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது, வட்டியில் பெரும்பகுதி இனிமேல்தான். அவருக்கு லீசிங்கை முடிப்பதுதான் இலாபம், முடிக்கும் தொகையை எழுத்தில் வாங்கிப் பார்த்த பிறகு.

தோட்ட லயத்தில் இருக்கும் சித்தி கதை இதில் எதிலும் சேராது. வாராவாரம் ஆள் வந்து வசூலிக்கும் குழுக்கடன். 2018இல் மத்திய வங்கி இந்த மாதிரி நுண்கடனுக்கு வைத்த உச்சவரம்பே வருடத்துக்கு 35 வீதம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும், அந்தப் பேச்சு காலையில் தோட்டத்து ஆட்கள் கூடும் பிரட்டுக்களம் வரை போகும். அங்கே கணக்கெல்லாம் வேண்டாம், கையில் எது வந்தாலும் முதலில் அதுதான். சித்தியிடம் அதைத்தான் சொன்னேன். அவர் மகனின் பைக்குக்கு முன்பணம் கட்டிவிட்டார், அது வேறு கதை.

நிலையான வட்டியில் வீட்டுக்கடன் எடுத்த யாராவது இடையில் பெருந்தொகை கட்டியிருக்கிறீர்களா? எங்கள் கடன் மாறும் வட்டி என்பதால் அபராதம் ஏதும் கேட்கவில்லை. உங்களிடம் எவ்வளவு பிடித்தார்கள் என்று சொல்லுங்கள், அக்கா ஒருவர் பண்டாரவளையிலிருந்து கேட்டிருக்கிறார்.