பழைய வண்டியைப் பிரிச்சு மேய்றவங்க, மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

திருவொற்றியூர்350:
நானே ஆரம்பிக்கிறேன். 70-களில் வந்த புல்லட், காஸ்ட் அயர்ன் இன்ஜின். ஆறின இன்ஜின்ல ஒரே கிக்குல எடுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினா சூட்டுல எடுக்கவே எடுக்காது. காயில், கன்டென்சர், பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க் வர வைக்கிற காண்டாக்ட் முனைங்க) எல்லாம் மாத்தியாச்சு. கார்ப்பரேட்டரையும் கழட்டிக் கழுவியாச்சு.

வாலாஜா தாண்டி ஒரு டீக்கடை வாசல்ல அப்படித்தான் நின்னுது. உள்ளே உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். திருவொற்றியூர்ல புல்லட் செஞ்ச கம்பெனியில அசெம்பிளியில இருந்தவராம். "டீயைக் குடிங்க தம்பி, சூடு இறங்கட்டும்"னு என்னை உட்கார வெச்சுட்டார். ரொம்ப நேரம் கழிச்சு என் டூல்ஸ் பையை வாங்கினார். வலது பக்கம் டேப்பட் (வால்வு இடைவெளியைச் சரி பண்ற இடம்) மூடி, ஒரே நட்டு. கழட்டினார். டீகம்ப்ரஷரை (இன்ஜின் அழுத்தத்தை வெளியே விடுற லீவர்) பிடிச்சு கிக்கரை மெல்ல அமுக்கி பிஸ்டனை மேலே கொண்டுவந்தார். அப்புறம் என் கையைப் பிடிச்சு உள்ளே விட்டு, "சுத்திப் பாருங்க"ன்னார். எக்ஸாஸ்ட் பக்கத்து புஷ்ராடு (வால்வைத் தூக்குற கம்பி), எண்ணெய்க்குள்ள இறுகிப்போய் அசையவே இல்லை.

ரெண்டு ஸ்பேனர், ஒரு கால் திருப்பு. மறுபடியும் என் விரலை உள்ளே விட்டார். இப்போ தானா சுத்துது, ஆனா மேல கீழ ஆட்டம் இல்லை. "வெளியில எவனோ இறுக்கி வெச்சிருக்கான். சூட்டுல வால்வு முழுசா மூடல, கம்ப்ரஷன் எங்கே நிக்கும்?"

இதுவரைக்கும் சந்தோஷம். கிளம்புறப்போ டாங்க் மேல இருக்கிற கோட்டைத் தடவிப் பார்த்து, "இது கையால போட்ட கம்பெனிக் கோடு. பிரஷ் எடுத்த இடம் தெரியுது பாருங்க. அழிச்சுடாதீங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அந்த டாங்க் ஒரு பக்கம் துருப்பிடிச்சு ஓட்டை விழுற நிலையில இருக்கு. பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுத்து வெச்சிருந்தேன். இன்னைக்கு வரைக்கும் டாங்க்கை அனுப்ப மனசு வரல.

ரோட்கிங்_சேலம்:
டேப்பட் விஷயம் பெரியவர் சொன்னது சரி. டாங்க் விஷயத்துல உடன்படல. ஓட்டை விழுந்த டாங்க்ல கோடு இருந்து என்ன, இல்லாட்டி என்ன? பெட்ரோல் ஒழுகி ஆளைக் கொளுத்தும். பெயின்ட் அடிங்க.

என் கதை சின்னது. ஆத்தூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுல யெஸ்டி ரோட்கிங் பைக் கிடக்குன்னு புரோக்கர் கூட்டிட்டுப் போனார். வருஷக்கணக்கா ஓடாத வண்டி. டாங்க் காஞ்சு கிடக்கு, டயர் வெடிச்சுப் போச்சு. வலது பக்க கவரைக் கழட்டினா, பாயிண்ட் ரெண்டும் பளபளன்னு மின்னுது. வண்டிக்குச் சொந்தக்காரத் தாத்தா, "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உப்புத்தாள் போட்டுருவேன்"னார். பெட்ரோல் இல்லாத வண்டிக்கு! பணத்தை எண்ணிக் கொடுத்தப்புறம், "கடைசியா ஒரு தடவை செட் பண்ணித் தந்துடறேன் கண்ணு"ன்னு கேட்டு உட்கார்ந்தார். கை நடுக்கம். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் வேண்டாம்னுட்டார். வீட்டுக்கு வந்து அளந்தா 0.4 மி.மீ., இருக்க வேண்டிய இடைவெளி அப்படியே. இன்னும் அந்தப் பாயிண்ட்டை நான் தொடல.

பாயிண்ட் வண்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் சொல்றேன். உப்புத்தாள் போட்டா அப்புறம் பெட்ரோல்ல நனைச்ச வெள்ளைத் துணியால துடைங்க, இல்லேன்னா மணல் துகள் இடையில நின்னு ஸ்பார்க்கைக் கெடுக்கும். முதல்ல கேப் (பாயிண்ட் முனைகளுக்கு நடுவுல இடைவெளி), அப்புறம்தான் டைமிங் (ஸ்பார்க் விழுற நேரம்). கேப்பை மாத்தினா டைமிங்கும் நகரும், அதனால வரிசையை மாத்தாதீங்க. பாயிண்ட் சீக்கிரம் சீக்கிரம் கருகுதுன்னா பாயிண்ட்டைக் குறை சொல்லாம கன்டென்சரைப் பாருங்க. பாயிண்ட்டைத் திறந்து மூட வைக்கிற கேமைத் தொடுற ஃபெல்ட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும், கூடினா தெறிச்சுப் பாயிண்ட்ல விழும். வண்டி நிக்கிற காலத்துல இக்னிஷனை ஆன்ல விட்டுடாதீங்க. பாயிண்ட் மூடின நிலையில நின்னா காயில் சூடாகிச் செத்துப்போகும், பேட்டரியும் போகும். எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் போடச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. நடுரோட்டுல நின்னா அதை உப்புத்தாள் வெச்சு சரி பண்ண முடியாது.

ஆர்டி_கோவை:
பெட்ரோல் ஒழுக்குன்னு சேலம் நண்பர் சொன்னதால எழுதறேன். ராத்திரி என் ஆர்.டி. 350 பைக்கை ஓட்டிட்டு வந்து ஷெட்டுல விட்டேன். இறங்கின உடனே வாசனை. டார்ச் அடிச்சா, டாங்க்குல இருந்து கார்ப்பரேட்டருக்குப் போற பைப் பிசுபிசுன்னு வீங்கி, முனையில ஒரு சொட்டு உருண்டு நிக்குது. விழுது. சூடான இன்ஜின் ஃபின் மேல பட்டதும் 'ஸ்ஸ்'னு ஆவியாகுது. பக்கத்துச் சுவர்ல மாடத்துல அம்மா ஏத்தி வெச்ச விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. ஓடிப்போய் விளக்கை உள்ளங்கையால அணைச்சேன், அப்புறம்தான் பெட்ரோல் டேப்பை மூடினேன். அந்த 'ஸ்ஸ்' இன்னும் காதுல இருக்கு.

இப்போ பெட்ரோல் பங்க்ல வர்றது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகள்லதான் அதுக்கேத்த ரப்பர் போட்டு வருது. நம்ம வண்டியெல்லாம் அதுக்கு பல பத்து வருஷம் முன்னாடி பிறந்தது. பைப், டேப் வாஷர், ஃப்ளோட் பௌல் (கார்ப்பரேட்டர் அடியில பெட்ரோல் நிக்கிற கிண்ணம்) ஓரிங், மூணையும் மாத்துங்க. எத்தனால் தண்ணியை இழுக்கும், நிக்கிற வண்டியில டாங்க் அடியிலிருந்து துருப்பிடிக்கும். ரொம்ப நாள் ஓட்டமாட்டீங்கன்னா டாங்க்கையும் பௌலையும் காலி பண்ணிடுங்க. திருவொற்றியூர் நண்பரே, உங்க டாங்க்குக்கு வெளியில இருக்கிற கோட்டை விட உள்ளே இருக்கிற துருதான் அவசரம்.

ஹெரால்டு_மதுரை:
எங்க மாமனாரோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையில செஞ்ச வண்டி, 948 சி.சி. ஓட்டினவங்களுக்குத் தெரியும், பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து மொத்தமா முன்பக்கம் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்த வசதி ரொம்பக் கார்களுக்குக் கிடையாது.

கோடை லீவுல ரெண்டு பேருமா வேலையில இறங்கிடலாம்னு பானெட்டைச் சாய்ச்சோம். கார்ப்பரேட்டர் பக்கத்துல தேங்காய் நார்க் குவியல். மாமா கையை நீட்டித் தடுத்தார். நாருக்குள்ள கண்ணு திறக்காத அணில் குட்டிங்க. தாய் மாமரத்துல இருந்து கத்துது. பானெட்டை இருந்த மாதிரியே மெல்ல மூடினார். "மாப்ள, அதுங்க போகட்டும்"னு ஒரே வார்த்தை. லீவு முடிஞ்சுது, நான் ஊருக்கு வந்துட்டேன். அடுத்த முறை போனப்போ கூடு காலி, ஆனா மாமா ஆஸ்பத்திரியில. வண்டியை அவர் இருக்கும்போது ஓட வெச்சுக் காட்ட முடியல. அதுக்காக அன்னைக்கு அந்தக் கூட்டைக் கலைச்சிருக்கணும்னும் தோணல. இந்த ரெண்டும் ஒண்ணா மனசுல கிடக்கு.

பத்மினிஅக்கா:
எங்கப்பாவோட ஃபியட் 1100, ஸ்டியரிங்ல கை கியர். ஐம்பது வருஷம் தாண்டினதால வின்டேஜ் பதிவுக்குப் போடலாம்னு இறங்கினேன் (2021-ல வந்த விதி: 'வி.ஏ.' எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், தினசரி ஓட்டக் கூடாது). பேப்பர்லாம் சரி பார்க்கலாம்னு சேஸ் நம்பருக்கு (காரோட உடம்புல பொறிச்ச எண்) பென்சில் பிரின்ட் எடுத்தேன். தாளை ஒட்டி பென்சிலைச் சாய்ச்சுத் தேய்க்கத் தேய்க்க, பெயின்டுக்கு அடியில இருந்து எண் ஒண்ணொண்ணா எழும்பி வந்துது. நடுவுல ஒரு எண். ஆர்.சி. புத்தகத்துல 3. தாள்ல 8.

அப்பா அந்தக் காரை ரெண்டாவது கையா வாங்கினவர். எழுதினவர் தப்பா எழுதிட்டாரா, இல்லை இது வேற காரா? அம்மாகிட்ட இன்னும் சொல்லல. அவங்க தினமும் துணி போட்டுத் துடைக்கிற கார் அது.

ரோட்கிங்_சேலம்:
அக்கா, பெயின்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டிடுங்க, தெளிவாத் தெரிஞ்சுடும்.

ஹெரால்டு_மதுரை:
தயவுசெஞ்சு சுரண்டாதீங்க! சேஸ் நம்பர் மேல உப்புத்தாள் தடம் இருந்தா, திருத்தின நம்பர்னு எடுத்துக்குவாங்க, அப்புறம் எந்தப் பேப்பரும் நகராது. பெயின்ட் ரிமூவரைப் பஞ்சுல தொட்டு வெச்சு, ஊறினதும் துணியால எடுங்க. எடுக்கிறதை வீடியோ பிடிச்சு வெச்சுக்குங்க. 3-ல இடது பக்கம் துரு அரிச்சிருந்தாலே பென்சில்ல 8 மாதிரி வரும். அதுக்கு அப்புறமும் 8-தான்னா, முதல்ல பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பழைய பதிவேட்டு நகல் கேளுங்க. இன்ஜின் நம்பர் ரெண்டுலயும் ஒத்துப்போகுதான்னு பார்த்தீங்களா?

பத்மினிஅக்கா:
இன்ஜின் நம்பர் ஒத்துப்போகுது. ரிமூவர் நாளைக்கு வாங்கறேன்.