ஜெர்மனியில் நெய் பிஸ்கட்: தட்டில் பரவி அப்பளமாகிவிடுவது ஏன்?

கேள்வி – ஸ்டுட்கார்ட்வாசி

அனைவருக்கும் வணக்கம். வேலை காரணமாக ஜெர்மனியில் வசிக்கும் நான், கோவையில் அம்மா செய்யும் நெய் பிஸ்கட்டை இந்தத் தீபாவளிக்கு இங்கேயே செய்து அலுவலக நண்பர்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். 405 என்று அச்சிட்ட கோதுமை மாவு 150 கிராம், பொடித்த சர்க்கரை 75 கிராம், இங்கே நெய்க்குப் பதிலாகக் கிடைக்கும் புட்டர்ஷ்மால்ட்ஸை உருக்கி 100 கிராம், ஏலக்காய்ப்பொடி, ஒரு சிட்டிகை சமையல் சோடா ஆகியவற்றைப் பிசைந்து, மின்விசிறி ஓடும் அவன் அடுப்பில் 180 டிகிரியில் வைக்கிறேன். உருண்டைகள் உருவம் இழந்து பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. விளிம்பு கருகும்போதும் நடுப்பகுதி வேகாமல் இருக்கிறது. மைதா கிடைக்காததுதான் காரணமா?

பதில் – ரைன்கரை

மாவின் மீது பழி போட வேண்டியதில்லை. 405 என்பது நூறு கிராம் மாவை எரித்தால் எஞ்சும் தாதுச் சாம்பல் எத்தனை மில்லிகிராம் என்பதைக் குறிக்கும் எண். அது குறைவாக இருப்பதால் அந்த மாவு வெண்மையானது, நம் மைதாவுக்கு மிக நெருக்கமானது.

சிக்கல் நெய்யை உருக்குவதில் இருக்கிறது. ஊரில் அம்மா பெரும்பாலும் உறைந்து மணல்மணலாக இருக்கும் நெய்யையே எடுத்திருப்பார். அதைச் சர்க்கரையோடு சேர்த்து உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தால், மஞ்சள் நிறம் மங்கி வெளுத்து, கிரீம் போல உப்பும். அதில் சிக்கும் காற்றும் உறைந்த கொழுப்பும்தான் பிஸ்கட்டை உருவம் மாறாமல் நிறுத்தி, கடித்தவுடன் பொலபொலவென்று உதிரச் செய்கின்றன. உருகிய நெய்யில் காற்று நிற்காது. எனவே புட்டர்ஷ்மால்ட்ஸைச் சூடுபடுத்தாமல் அறை வெப்பநிலையில் அப்படியே தேய்த்து, மாவைச் சேர்த்தபின் அழுத்திப் பிசையாமல் ஒன்றுகூட்டி, உருண்டைகளை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

பதில் – மாவும்சீனியும்

மேலே சொன்னது சரியே. அவன் அடுப்பைப் பற்றி மட்டும் சேர்க்க விரும்புகிறேன். குறிப்புகளில் எழுதப்படும் 180 டிகிரி பெரும்பாலும் மேலும் கீழும் சூடாகும் சாதாரண முறைக்கானது. மின்விசிறி ஓடினால் 20 டிகிரி குறைத்து 160இல் வைக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சமையல் புத்தகங்களில் பரவலாகக் காணப்படும் வழக்கம். விளிம்பு கருகி நடு வேகாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தட்டில் எண்ணெய் தடவாதீர்கள், காகிதம் விரித்தால் போதும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் மாவில் ஒரு பிடி ரவையும் கலப்பார்கள். அது கொழுப்பை இழுத்துக்கொள்வதோடு சிறு நறநறப்பையும் தரும்.

கேட்டவர் – ஸ்டுட்கார்ட்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. புட்டர்ஷ்மால்ட்ஸில் ஊர் நெய்யின் மணம் இல்லை. சாதாரண வெண்ணெயில் செய்யலாமா? மேலும், டிசம்பரில் கடைகளில் வரும் ஹிர்ஷ்ஹார்ன்சால்ட்ஸைச் சோடாவுக்குப் பதிலாகப் போடலாமா?

பதில் – ரைன்கரை

வெண்ணெயில் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அது வேறு பிஸ்கட். இங்குள்ள வெண்ணெயில் கொழுப்பு 82 விழுக்காடுதான், மீதியில் பெரும்பகுதி நீர். 100 கிராம் நெய்யின் கொழுப்பு வேண்டுமென்றால் ஏறத்தாழ 120 கிராம் வெண்ணெய் தேவைப்படும், அதோடு வரும் நீரால் மாவு இளகும். மணம்தான் முக்கியம் என்றால், உப்பில்லாத வெண்ணெயை அடிகனமான பாத்திரத்தில் காய்ச்சி, அடியில் படியும் கசடு பொன்னிறமானதும் வடிகட்டி உறைய விடுங்கள். கடை நெய் பக்கத்தில்கூட வராது.

ஹிர்ஷ்ஹார்ன்சால்ட்ஸ் அம்மோனியம் உப்பு. சூட்டில் அம்மோனியா வாயுவாக வெளியேறிவிட்டால் சிக்கலில்லை. தட்டையான, நன்கு உலரும் பலகாரங்களில் மட்டுமே அது முழுவதும் வெளியேறும். உருண்டையான நெய் பிஸ்கட்டின் நடுவில் அந்த நெடி தங்கிவிடக்கூடும், ஆகவே சோடாவே போதும். ஹிர்ஷ்ஹார்ன்சால்ட்ஸ் போட்ட பச்சை மாவை யாரும் சுவை பார்க்கவும் கூடாது.