அம்மாவோடு போர்ட்டோவில் நான்கு இரவு: மேடு பள்ளத்தை எப்படிச் சமாளிப்பது?

கொன்றை கேட்டது:

வணக்கம். அக்டோபர் முதல் வாரத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு போர்ச்சுகல் போகிறேன். போர்ட்டோவில் நான்கு இரவு. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் தேய்மானம் உண்டு. சமதளத்தில் நிதானமாக ஒரு மணி நேரம் நடப்பார். படிக்கட்டு என்றால்தான் பயம், அதிலும் ஏறுவதைவிட இறங்கும்போது வலி அதிகம். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தொட மாட்டார். மீன் என்றால் உயிர்.

இணையத்தில் கிடைக்கும் திட்டங்கள் எல்லாம் ஓட்டமாக இருக்கின்றன. ஒரு நாள் லிஸ்பன், ஒரு நாள் பிராகா, ஒரு நாள் டோரோ பள்ளத்தாக்கு. அப்படி எனக்கு வேண்டாம். முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இதுதான் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். மெதுவாக எழுந்து, ஓர் இடம் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டு, ஆற்றங்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்.

ரிபெய்ரா பக்கம் ஆற்றைப் பார்த்த மாதிரி ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன். எடுக்கலாமா? லிஸ்பனை விட்டால் பின்னால் வருத்தப்படுவேனா? அம்மா சாப்பிட அங்கே என்ன கிடைக்கும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல்:

லிஸ்பனை விட்டுவிடுங்கள். வேக ரயிலிலேயே ஒரு வழிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். போய் வர ஆறு மணி நேரம் உட்கார்ந்தே போய்விடும். லிஸ்பனும் மேடுதான், முழங்காலுக்கு அங்கேயும் அதே பாடு. அதற்கென்று தனியாக ஐந்து நாள் கிடைக்கும்போது போங்கள்.

ஆற்றோரம்:

வேலை நிமித்தமாக போர்ட்டோவில் மூன்று வருடம் இருந்தேன். அந்த நாட்களில் என் மாமியார் இரண்டு முறை வந்து தங்கினார். அவருக்கும் இதே முழங்கால், இதே இறங்கும் வலி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். கதீட்ரல் மேட்டில் நின்று பார்த்தால் ஆறு காலடியில் இருப்பதுபோலத் தெரியும். "ஏறுவதுதானே கஷ்டம், இறங்கிவிடலாம் அத்தை" என்று படிக்கட்டு வழியாகவே கூட்டிப் போனேன். காலங்காலமாக மிதிபட்டு வழவழத்துப் போன கருங்கல் படிகள், பல இடங்களில் கைப்பிடியே இல்லை. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கீழே வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, எனக்குத்தான் இன்றுவரை மனசு கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த ஊரை ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். வரைபடத்தை நம்பாதீர்கள், அதில் எதைப் பார்த்தாலும் பத்து நிமிட நடைதான். போர்ட்டோவை இரண்டு தட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தட்டில் அலியாடோஸ் சாலை, சாவ் பெந்து ரயில் நிலையம், பொல்யாவ் சந்தை, கிளெரிகோஸ் கோபுரம். கீழ்த் தட்டில் ஆறு, ரிபெய்ரா, எதிர்க்கரையில் காயா. ஒரு தட்டுக்குள் இருக்கும்வரை நடக்கலாம். மேலேயும் சரிவு உண்டுதான், கிளெரிகோஸ் பக்கம் போகும் தெரு நல்ல ஏற்றம், ஆனால் படி ஏற வேண்டியதில்லை. தட்டு மாறும்போது மட்டும் காலை நம்பாமல் வண்டியை நம்புங்கள்.

அதற்கு ஓர் அழகான சுற்று இருக்கிறது. சாவ் பெந்துவில் மஞ்சள் நிற டி தட மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தமே ஜார்டிம் டோ மோர்ரோ. அந்த ஒரு நிறுத்தத்துக்குள் மெட்ரோ டோம் லூயிஸ் பாலத்தின் மேல் தளத்தில் ஆற்றைக் கடந்துவிடும். 1886-இல் திறந்த இரும்புப் பாலம், பாரிஸ் கோபுரத்துப் புகழ் ஐஃபலோடு முன்பு கூட்டாக வேலை பார்த்த தியோஃபில் செய்ரிக் வடிவமைத்தது. இறங்கிய இடத்தில் புல்வெளிப் பூங்கா, ஊர் முழுவதும் எதிரே விரிந்து கிடக்கும். அங்கிருந்து காயா ஆற்றங்கரைக்கு ரோப் கார் இருக்கிறது. சில நிமிடப் பயணம்தான், ஒயின் கிடங்குகளின் ஓட்டுக் கூரைகளுக்கு மேலேயே மிதந்துபோய் இறக்கிவிடும். கீழே கரையோரம் முழுக்கச் சமதளம். கரையோரமாகவே நடந்து பாலத்தின் கீழ்த் தளத்தில் ஆற்றைக் கடந்தால் ரிபெய்ரா பக்கம் வந்துவிடுவீர்கள். திரும்பி மேலே போக, பாலத்தின் அடியிலிருந்தே பட்டாலியா வரை ஒரு மலை ரயில் ஓடுகிறது, நம் பழனி வின்ச் மாதிரி. இரண்டாவது முறை மாமியாரை இப்படித்தான் கூட்டிப் போனேன். பாதி நாள் வெளியே இருந்தோம், பத்துப் படிகூட இறங்கியிருக்க மாட்டார்.

காயாவில் ஒரு போர்ட் ஒயின் கிடங்காவது உள்ளே போய்ப் பாருங்கள், அம்மா குடிக்காதவராக இருந்தாலும். திராட்சைச் சாறு நொதிக்கும்போது பாதியில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். சாற்றில் மிச்சமிருக்கும் சர்க்கரை அப்படியே தங்கிவிடுவதால்தான் அந்த இனிப்பு. வழிகாட்டிப் பெண் மரப் பீப்பாய்களைக் காட்டி "பிப்பா, பிப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மாமியார் என் கையைப் பிடித்து, "பீப்பாய்னுதானே சொல்றாங்க?" என்றார். ஆமாம், அவர்களிடமிருந்து நமக்கு வந்த சொல்தான் அது. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாமே அப்படி வந்தவை. அன்றைக்கு முழுவதும் கடைப் பலகைகளில் தெரிந்த சொல் தேடிக்கொண்டே நடந்தார். அந்தப் பயணத்தில் அவர் அவ்வளவு உற்சாகமாக இருந்த நாள் வேறு இல்லை. உங்கள் அம்மாவிடம் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.

அறை விஷயம். ரிபெய்ரா வேண்டாம். காட்சி அழகுதான், ஆனால் அது கீழ்த் தட்டு. தினமும் வெளியே போகவும் திரும்பவும் தட்டு மாற வேண்டும், மெட்ரோ நிலையமும் அங்கே இல்லை, இரவில் சத்தம். மேல் தட்டில் டிரிண்டாட் அல்லது அலியாடோஸ் அருகில் எடுங்கள். விமான நிலையத்திலிருந்து ஊதா நிற ஈ தடம் டிரிண்டாடுக்கு நேராக அரை மணி நேரத்தில் வந்துவிடும். எங்கே எடுத்தாலும் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய வீடுகள் ஒல்லியாக, நான்கு மாடி உயரத்தில் இருக்கும், பலவற்றில் மரப்படிதான். மெட்ரோவுக்கு ஆன்டான்டே என்ற அட்டை வேண்டும். ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும், ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. ஏறும் முன் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் காட்டுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இன்னொரு பதிவில் எழுதுகிறேன், அதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனசு வராது.

வெயில்மரம்:

டோரோ ரயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பேன். சாவ் பெந்துவிலிருந்து பின்யாவ் வரை சுமார் இரண்டரை மணி நேரம். போகும்போது வலது பக்க ஜன்னல். பாதி வழிக்கு மேல் ரயில் ஆற்றை ஒட்டியே போகும், இரு கரையிலும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். பின்யாவ் நிலையத்தின் சுவரிலேயே அறுவடைக் காட்சிகள் நீலப் பீங்கான் ஓடுகளில் இருக்கின்றன. உட்கார்ந்தபடியே பார்க்கலாம், அம்மாவுக்கு நடையே இல்லை.

ஆற்றோரம்:

வெயில்மரம் சொல்வது உண்மை, அந்தப் பாதைக்கு ஈடில்லை. ஆனாலும் கொன்றைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். போக வர ஐந்து மணி நேரம் மடக்கிய காலோடு உட்கார்ந்தால் முழங்கால் இறுகிவிடும், பழைய பெட்டிகளில் ஏறும் படியும் உயரம். மூன்றாம் நாள் முடிவில் அம்மா தெம்பாக இருந்தால் அப்போது முடிவு செய்யுங்கள். முன்கூட்டித் திட்டத்தில் எழுதிவிட்டால் அது கடமையாகிவிடும்.

சரி, சாப்பாடு. போர்ட்டோ என்றதும் எல்லோரும் பிரான்செசின்யா என்பார்கள். ரொட்டிக்கு நடுவில் மாட்டிறைச்சி, பன்றித் தொடை, தொத்திறைச்சி, மேலே உருகிய சீஸ், சுற்றிலும் தக்காளியும் பீரும் சேர்த்த காரச் சாறு. நீங்கள் ஒரு முறை சாப்பிடுங்கள், மதியத்தில். இரவில் சாப்பிட்டால் தூக்கம் வராது.

அம்மாவுக்கு நான் சொல்வது வேறு. போர்ச்சுகீசியர்கள் அரிசி உண்ணும் மக்கள். ஐரோப்பாவில் தலைக்கு இவ்வளவு அரிசி சாப்பிடுபவர்கள் வேறு யாரும் இல்லை. "அரோஸ் டே தோமாட்டே" என்று கேளுங்கள். தக்காளியும் வெங்காயமும் பூண்டும் வதக்கி, குழைவாக, கொஞ்சம் தண்ணீர் நிற்கிற பதத்தில் இறக்கும் தக்காளிச் சோறு. பக்கத்தில் "ஃபிலேட்டஸ் டே பெஸ்காடா", முள் எடுத்து முட்டையில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டுகள். தட்டு மேசைக்கு வரும்போது சோறு கொதித்துக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் நல்ல கடைக்கு அடையாளம். மாமியார் முதல் கவளம் வாயில் வைத்துவிட்டு, மிளகாய்தான் குறை என்றார். மிளகாய்க்கு "பிரி-பிரி" என்று கேட்டால் சின்ன பாட்டிலில் எண்ணெயோடு கொண்டுவந்து வைப்பார்கள்.

எச்சரிக்கை ஒன்று. "கால்டோ வெர்டே" பார்க்கப் பச்சைக் கீரை சூப் மாதிரி இருக்கும், உருளைக்கிழங்கும் மெல்லிசாக அரிந்த கீரையும்தான். ஆனால் ஒரு வட்டம் பன்றித் தொத்திறைச்சி உள்ளே மிதக்கும். "சேம் ஷோரிசு" என்று சொன்னால் போடாமல் தருவார்கள். சில கடைகளில் அதைச் சேர்த்தே கொதிக்க வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பீன்ஸ் சோறு, பீன்ஸ் சூப் போன்றவற்றிலும் அப்படி இருக்கலாம்.

உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், சீஸ் வரும். அது இலவசம் இல்லை. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். விலைப் பட்டியலில் "மேயா டோஸ்" என்றால் அரை அளவு, ஒருவருக்கு அதுவே தாராளம். முழு அளவு வாங்கி இரண்டு பேர் சாப்பிடலாம். மதியம் இரண்டரைக்குப் பிறகு பல சமையலறைகளை மூடிவிடுவார்கள், இரவு ஏழரைக்குத்தான் மறுபடி அடுப்பு பற்றவைப்பார்கள். அம்மா மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாலைக்கு ஏதாவது கையில் வைத்திருங்கள்.

மீனுக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். அலியாடோஸ் கீழ் முனையிலிருந்து 500 எண் பேருந்து ஆற்றோரமாகவே போய், ஆறு கடலில் சேரும் ஃபோஸ் வழியாக மத்தோசின்யோஸ் வரை போகும். இடது பக்கம் உட்காருங்கள், வழி முழுதும் தண்ணீர்தான். பேருந்துக்கு மாடி உண்டு, ஆனால் வண்டி ஓடும்போது அம்மாவை மாடிக்கு ஏற்ற வேண்டாம், கீழேயே நன்றாகத் தெரியும். மத்தோசின்யோஸ் மீன்பிடித் துறைமுகம். ஹெரோய்ஸ் டே ஃபிரான்சா தெருவில் கடைக்குக் கடை வாசலிலேயே கரி அடுப்பு வைத்துச் சுடுவார்கள், தெருவுக்குள் நுழையும்போதே வாசனை இழுக்கும். மத்தி கோடைக்கால மீன், அக்டோபரில் அவ்வளவு கொழுப்பு இருக்காது. ரோபாலோ கேளுங்கள், நம்ம கொடுவா மாதிரி சதை. கல் உப்பு மட்டும் போட்டுச் சுட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். எடைக்கு விலை, அதனால் மீனைக் காட்டச் சொல்லி, நிறுத்து, விலை கேட்டுவிட்டு அடுப்பில் போடச் சொல்லுங்கள். திரும்பும்போது நீல நிற ஏ தட மெட்ரோ, நேராக டிரிண்டாட்.

கொன்றை:

ஆற்றோரம், எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பீப்பாய் வந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னார். ரிபெய்ரா அறையை விட்டுவிட்டேன், டிரிண்டாட் பக்கம் லிஃப்ட் உள்ள இடம் கிடைத்துவிட்டது.

இரண்டு சந்தேகம். நாங்கள் சனிக்கிழமை மாலை வருகிறோம், ஞாயிறு என்ன செய்யலாம்? அந்த வின்ச் ஓடாவிட்டால் ரிபெய்ராவிலிருந்து எப்படி மேலே வருவது?

ஆற்றோரம்:

ஞாயிறு பொல்யாவ் சந்தைக்கு விடுமுறை, குடும்பமாக நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் பலவும் மூடியிருக்கும். அன்று காயா சுற்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றங்கரையில் எல்லா நாளும் கடை உண்டு. திங்கள் காலை சாவ் பெந்து. கூட்டம் வருவதற்குள், எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். முன்கூடத்துச் சுவர்களில் சுமார் 20,000 ஓடுகள், ஜோர்ஜ் கொலாசோ வரைந்தது. 1415-இல் போர்ச்சுகீசியர்கள் வட ஆப்பிரிக்காவின் சேயுத்தா நகரைப் பிடித்த காட்சியும் அதில் இருக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. அப்படியே பொல்யாவ் போய்ப் பழம் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பி, மதியம் அம்மாவைப் படுக்கச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் கிளெரிகோஸ் ஏறிவிட்டு வரலாம், 200-க்கு மேல் படி. லெல்லோ புத்தகக் கடைக்கு முன்பதிவு வேண்டும், உள்ளே நெரிசல், என்னைக் கேட்டால் விட்டுவிடுவேன்.

வின்ச் பராமரிப்புக்காகச் சில நாள் நிற்கும், உண்மைதான். அப்படியென்றால் வந்த வழியே காயாவுக்குக் கீழ்ப் பாலத்தில் நடந்து, ரோப் காரில் ஏறி, மெட்ரோவில் திரும்பிவிடுங்கள். களைத்துவிட்டால் ரிபெய்ராவிலேயே டாக்ஸி பிடியுங்கள், சின்ன தூரம்தான். கொஞ்ச தூரம்தானே என்று மட்டும் நடக்க ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் மழை. அக்டோபரில் அட்லாண்டிக் மழை சொல்லாமல் வரும், காற்றில் குடை நிற்காது. இருவருக்கும் தொப்பி வைத்த மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த நடைபாதைக் கற்கள் எண்ணெய் தடவியது போல வழுக்கும். அம்மாவுக்கு ரப்பர் அடி வைத்த ஷூ வாங்கி, இப்போதிருந்தே தினம் அரை மணி நேரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள்.